ஒரு டாலருக்குப் போன நாலு வால்வு

திருத்தணியில் லாட்ஜ், கல்யாண மண்டபம், நகைக்கடை எங்கே சிசிடிவி கேமரா படுத்துவிட்டாலும் கஜபதியைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட கால் மணி நேரத்தில் வந்துவிடுவார். வந்த வேலை முடிகிறவரை அங்கேயே இருப்பாரா என்பதுதான் சந்தேகம். ஏணியில் நின்றுகொண்டு ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுவதற்குள் இன்னொரு இடத்திலிருந்து போன் வந்தால், ஏணியை அப்படியே விட்டுவிட்டு டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நாற்பத்தாறு வயதுக்குள் டி.வி. மெக்கானிக், டிஷ் ஆன்டெனா, செல்போன் ரிப்பேர், இன்வெர்ட்டர் என்று நாலு தொழில் பார்த்துவிட்டு ஐந்தாவதாகக் கேமராவுக்கு வந்தவர். என் ஜெராக்ஸ் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். பன்னிரண்டு வருஷத்தில் அவர் உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததில்லை. என் கடை வாசலில் நின்றபடி, பாதி குடித்துவிட்டு, மீதியை எங்கே வைத்தோம் என்று மறந்துவிடுவார்.

2024 கோடையில் அரக்கோணத்தில் ரத்தினம்மாள் என்பவர் வீட்டுக்குக் கேமரா மாட்டப் போனார். அந்த அம்மாவின் கணவர் ஒரு காலத்தில் ரேடியோ கடை வைத்திருந்தவர். இறந்து வெகு நாளாகிவிட்டது. மாடி அறையில் ஒயர் இழுக்கும்போது இரண்டு இரும்பு டிரங்குப் பெட்டிகள் வழியில் இருந்தன. நகர்த்தப் போனவர் திறந்து பார்த்தார். உள்ளே அட்டை டப்பா டப்பாவாக ரேடியோ வால்வு. அந்தக் கால ரேடியோவில் பல்பு மாதிரி எரிகிற கண்ணாடிக் குழாய்கள். ஒன்றுகூடப் பிரிக்காதது. பழைய இரும்புக்காரன் மறுநாள் வரப்போகிறான் என்று அந்த அம்மா சொன்னார். கஜபதி நாலாயிரம் ரூபாய் கொடுத்து இரண்டையும் ஆட்டோவில் ஏற்றி எடுத்துவந்துவிட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, தெரியலை, விட மனசு வரலை என்றார்.

எதற்கு என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. அவர் மனைவி சுஜாதாவுக்கு ஆந்திரப் பக்கம் நகரி. அவளுடைய தம்பி சந்திரமோகன் சென்னையில் வேலை பார்க்கிறான். அவன்தான் போனில் தேடிப் பார்த்து, பாவா, இந்த நம்பர் வால்வை வெளிநாட்டுக்காரங்க ஏலத்துல எடுத்துகினு இருக்காங்க என்று ஒரு இணையதளத்தைக் காட்டினான். பாட்டு கேட்கிற ஆம்ப்ளிஃபயரில் வால்வு போட்டால்தான் சத்தம் இனிமை என்று நினைக்கிறவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறையப் பேர் இருக்கிறார்களாம். ஒரு ஜோடி மூவாயிரத்துக்குப் போயிருந்தது. கஜபதி டிரங்குப் பெட்டியில் இருந்ததை எண்ணினார். முந்நூற்றுப் பன்னிரண்டு. அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை என்று சுஜாதா பிறகு சொன்னாள்.

சந்திரமோகன் பான் கார்டு, பேங்க் விவரம் எல்லாம் வாங்கிக் கணக்கு திறந்து கொடுத்தான். முதல் ஜோடியை ஜெர்மனிக்காரர் ஒருவர் நாற்பது டாலருக்கு எடுத்தார். கஜபதி என் கடைக்குள் வந்து போனை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே நின்றார். அவர் அப்படி அசையாமல் நின்றது எனக்கே புதுசாக இருந்தது.

சுஜாதா வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். வெட்டி மிஞ்சிய ஸ்பாஞ்சுத் துண்டுகளில் வால்வைச் சுற்றி, துணிக்கடை அட்டைப் பெட்டியில் வைத்து அவளே கட்டினாள். கஸ்டம்ஸ் படிவத்தையும் விலாசச் சீட்டையும் நான் அச்செடுத்தேன். தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்த கனிமொழி எடை போட்டு, எந்த நாட்டுக்கு எத்தனை கிராம் வரைக்கும் என்ன கட்டணம், டிராக்கிங் வேண்டுமானால் எவ்வளவு என்று பொறுமையாக விளக்கினாள். பார்சல் போய்ச் சேர்ந்தது. பத்து நாள் கழித்துப் பணம் வந்தது. அதைப் பார்த்ததிலிருந்துதான் அவருக்குத் தொல்லை ஆரம்பித்தது.

வாங்கினவர் வால்வுக்கும் தபாலுக்குமாகச் சேர்த்துக் கட்டியிருந்தார். இணையதளம் அந்த மொத்தத்தின் மேல் கமிஷன் எடுத்திருந்தது. பிறகு ஆர்டருக்கு இவ்வளவு என்று ஒரு கழிவு. வெளிநாட்டு விற்பனை என்பதற்கு ஒன்று. டாலரை ரூபாயாக மாற்றியதற்கு ஒன்று. இந்தக் கழிவுகளின் மேல் வரி. தபாலுக்குக் கையிலிருந்து கொடுத்ததையும் கழித்தால், மூவாயிரத்துச் சொச்சத்தில் பாதிதான் மிஞ்சியது.

அவர் என் கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்து வரி வரியாகக் காட்டினார். மற்றதெல்லாம்கூடப் பரவாயில்லை, ஒன்றுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"குமரேசு, தபாலுக்குக் குடுத்த காசு எனக்கா வருது? அது கவர்மெண்டுக்குப் போவுது. அதுலயும் கமிஷன் புடிச்சா இன்னா அர்த்தம்?"

எனக்கும் அர்த்தம் தெரியவில்லை. விதிமுறைப் பக்கத்தை எடுத்துப் படித்துச் சொன்னேன். அப்படித்தான் எழுதியிருந்தது. ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தில் டிக் போட்டதும் நாம்தான்.

ஒரு சாதாரண ஆள் இதோடு விட்டிருப்பார், அல்லது கிடைத்தது போதும் என்று விற்றுக்கொண்டு இருந்திருப்பார். கஜபதியால் இரண்டும் முடியவில்லை. கமிஷனை அவரால் தொட முடியாது. தொட முடிந்தது எடை ஒன்றுதான். எனவே எடையோடு மல்லுக்கு நின்றார். இருநூற்றைம்பது கிராமுக்குள் இருந்தால் ஒரு கட்டணம், தாண்டினால் அடுத்தது. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக் கடையில் வைத்தார். அட்டைப் பெட்டியின் ஓரங்களைக் கத்தரித்தார். அகல டேப்பை விட்டுவிட்டு மெல்லிய டேப்புக்கு மாறினார். விலாசச் சீட்டை இன்னும் சின்ன எழுத்தில் அச்சடிக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். ஒருநாள் கடைத் தராசில் 249 காட்டிய பார்சல் தபால் ஆபீஸ் தராசில் 252 காட்டியது. அவர் வரிசையை விட்டு விலகி, அங்கேயே பெஞ்சு ஓரமாக நின்று, நகத்தால் டேப்பைச் சுரண்டி உரித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். மறுபடி கொண்டுபோய் வைத்தபோது கனிமொழி தராசைப் பார்க்காமல் பார்சலைப் பார்த்தாள்.

"அண்ணா, இன்னும் ரெண்டு கிராம் கொறைச்சீங்கன்னா உள்ள இருக்கிறது ஒடஞ்சிடும்."

அவள் சொன்னது பலித்தது. போலந்துக்குப் போன ஒரு ஜோடி தூளாகிப் போய்ச் சேர்ந்தது. வாங்கினவர் போட்டோ எடுத்துப் போட்டார். இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இணையதளம் முழுப் பணத்தையும் அவருக்குத் திருப்பிவிட்டது. தபால் செலவு போனது, வால்வு போனது, கழிவில் ஒரு பகுதியும் திரும்ப வரவில்லை. அதன் பிறகு பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்டினார். எடை கூடியது. தபால் கட்டணத்தை ஏற்றிப் போட்டால் ஏலம் கேட்க ஆள் வரவில்லை. இறக்கிப் போட்டால் கைக்காசு போயிற்று. இலவச டெலிவரி என்று போட்டுத் தபாலை விலையிலேயே சேர்த்துப் பார்த்தார். அப்போதும் கமிஷன் அதே கமிஷன்தான். ஒவ்வொரு முறையும் இந்தத் தடவை சரியான வழி பிடிபட்டுவிட்டது என்று வந்து சொல்வார். இரண்டு வாரத்தில் அது சரியான வழி இல்லை என்று தெரியும்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. நூறு வால்வுக்கு மேல் போயிருக்கும். நஷ்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் கேமரா வேலையில் பாதி போயிற்று. போனை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பார். வண்டி ஓட்டும்போது சிக்னலில் பார்ப்பார். பார்சல் எந்த ஊரில் நிற்கிறது, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், யாராவது கேட்டிருக்கிறார்களா. சோறு பிசைந்த கையோடு இடது கையால் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பதாகச் சுஜாதா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். அவள் கோபப்பட்டுச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

2025 ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் முன்னால், பெட்டியிலேயே ஒசத்தியான சரக்கை ஏலத்துக்கு எடுத்தார். நாலு பெரிய பவர் வால்வுகள், ஒரே வருஷத்தில் செய்தவை, ஒரே மாதிரி. அதுவரை எடுக்காமல் துணி சுற்றித் தனியாக வைத்திருந்தார். இதே மாதிரி நாலு முப்பதாயிரத்துக்குப் போனதை அவர் பார்த்திருந்தார். குறைந்த விலையில் ஆரம்பித்தால் போட்டி கூடும் என்று விற்பவர்களுக்கான ஆலோசனைப் பக்கத்தில் போட்டிருந்தது. ஆரம்ப விலை ஒரு டாலர், டெலிவரி இலவசம், ஏழு நாள் என்று போட்டார். எனக்குப் பயமாக இருந்தது. முப்பது பேர் சண்டை போடுவார்கள் பார் என்றார்.

இருபத்து மூன்று பேர் அதைக் குறித்து வைத்திருந்தார்கள். முதல் நாளே ஒருவர் ஒரு டாலருக்குக் கேட்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கடைசி நிமிஷத்தில்தான் எல்லாரும் வருவார்கள் என்று ஆறு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் மத்தியானம் மூன்று மணி நாற்பதுக்கு ஏலம் முடியவேண்டும். அன்றைக்கு முருகவேலின் லாட்ஜில் எட்டு கேமரா மாட்டுகிற வேலை. கிருத்திகைக் கூட்டம் அப்போதே ஊருக்குள் இறங்க ஆரம்பித்துவிட்டது. காவடி எடுத்துவந்தவர்கள் வராந்தாவிலும் படியிலும் படுத்திருந்தார்கள். இவர் ஏணியின் மேல் ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவருமாக நின்றார். பாதி முடுக்கிய கேமரா கழன்று, கீழே படுத்திருந்த ஒருவரின் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து உடைந்தது. முருகவேல் எல்லார் எதிரிலும் சத்தம் போட்டார். கஜபதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏலம் முடிந்திருந்தது. ஒரே ஆள், ஒரு டாலர்.

நேராக என் கடைக்கு வந்தார். வாங்கினவர் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக்காரர். விலாசச் சீட்டு அச்சடி என்றார். அடித்தேன். பிறகு வேண்டாம் என்றார். தபாலுக்கே ஆயிரத்துக்கு மேல் ஆகும். ஒரு டாலரிலும் கமிஷன் பிடிப்பான். வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். கடைசியில், உடைந்துவிட்டது என்று எழுது என்றார்.

நான் எழுதினேன். அது பொய் என்று எனக்கும் தெரியும். பேக் செய்யும்போது கை தவறிக் கீழே விழுந்து நாலும் உடைந்துவிட்டன, மன்னிக்கவும், ஆர்டரை ரத்து செய்கிறோம். இங்கிலீஷில் நல்லபடியாகவே எழுதினேன். ரத்து செய்துவிட்டோம். அந்த ஆளின் ஒரு டாலர் அவருக்கே திரும்பிப் போயிற்று.

சாயங்காலம் சுஜாதா சாப்பாட்டு டப்பாவோடு கடைக்கு வந்தாள். கஜபதி விஷயத்தைச் சொல்லி, நியாயத்தையும் சொன்னார். அவள் அந்த நாலு டப்பாவையும் பார்த்தாள்.

"ஒரு டாலருன்னு நீங்கதானே போர்டு மாட்டினீங்க. கேட்டவன் மேல இன்னா தப்பு?"

சாப்பாட்டு டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மூன்று நாள் கழித்து அமெரிக்காக்காரர் பதில் எழுதியிருந்தார். நான்தான் படித்துச் சொன்னேன். கண்ணாடித் தூள் கையைக் கிழித்துவிடும், வெறும் கையால் அள்ளாதீர்கள் என்று ஆரம்பித்திருந்தார். முப்பது வருஷம் வால்வு ரேடியோ ரிப்பேர் செய்தவராம். எத்தனையோ உடைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். நல்ல சரக்கை இனி ஒரு டாலருக்குப் போடாதீர்கள், இந்தத் தளத்தின் கழிவுகளில் உங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று முடித்திருந்தார். திட்டவில்லை. விற்பவருக்குப் போடுகிற மதிப்பெண்ணையும் குறைத்துப் போடவில்லை.

கஜபதி இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். மூன்றாவது தரமும் படிக்கச் சொல்லிவிட்டு, பாதியில் வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு ஒரு வாரம் அவர் புதிதாக எதையும் ஏலத்தில் போடவில்லை. வண்டியை எடுப்பார், வைப்பார். ஒருநாள் காரணமே இல்லாமல் மணவூர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். ஷெல்ஃபில் நாலு டப்பாவும் அப்படியே இருந்தன. அவற்றை முதலில் மறைவாகத் தள்ளி வைத்தார். பிறகு வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாளே திரும்பக் கொண்டுவந்தார். வியாழக்கிழமை காலையில் என் கடையைத் திறக்கும் முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். அந்த விலாசச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்.

"ஆர்டர்தான் போயிடுச்சே அண்ணா. இப்ப அனுப்பினா அந்த ஒரு டாலர்கூட வராது."

"தெரியும். அத பாத்துகினே என்னால ஒக்கார முடியல."

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். இரக்கம், நேர்மை என்று பெரிய வார்த்தை எதையும் அவர் சொல்லவில்லை. பல் வலிக்கிறது, பிடுங்கிவிட வேண்டும் என்பது போலத்தான் சொன்னார்.

சுஜாதா பெட்டிக்குள் பெட்டி வைத்து, இருந்த ஸ்பாஞ்சையெல்லாம் போட்டுக் கட்டினாள். கிட்டத்தட்ட ஒரு கிலோ. தராசில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. தபால் ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். கனிமொழி விலாசத்தைப் படித்துவிட்டு, அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பது இந்த வாரத்திலிருந்து நின்றிருக்கிறது என்றாள். அந்த நாட்டில் வரி விதி மாறிவிட்டதாம், மறுபடி எப்போது என்று மேலிருந்து உத்தரவு வந்தால்தான் தெரியும் என்றாள். கஜபதி கவுண்டரை விட்டு நகரவில்லை. வேறு எந்த வழியிலாவது என்று கேட்டார். தனியார் கூரியரில் விசாரித்தால் ஐயாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். அதையும் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். சுஜாதாதான் காத்திருக்கலாம் என்று பிடித்து நிறுத்தினாள்.

அன்றைக்கே அமெரிக்காக்காரருக்கு எழுதச் சொன்னார். இந்த முறை என்ன எழுத வேண்டும் என்று அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். வால்வு உடையவில்லை. நான் சொன்னது பொய். விலை வரவில்லை என்ற கோபத்தில் சொன்னேன். தபால் திறந்ததும் அனுப்புகிறேன், பணம் வேண்டாம். நாலே வரி. அனுப்பு பட்டனை அவரே அழுத்தினார்.

பதில் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, ஒரு மாசம் போயிற்று. வராது என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் தபால் ஆபீசில் எட்டிப் பார்த்து, கனிமொழி தலையசைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கடை திறப்பார். ஒரு கட்டத்தில் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே அவள் இல்லை என்று கை காட்டிவிடுவாள். முருகவேலுக்கு உடைந்த கேமராவுக்குப் பதிலாகப் புதுசு ஒன்று காசு வாங்காமல் மாட்டிக் கொடுத்தார்.

அக்டோபர் நடுவில் பார்சல் எடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே கட்டவேண்டிய வரியையும் இங்கேயே முன்கூட்டிச் செலுத்த வேண்டியிருந்தது. கஜபதி கேட்ட தொகையை எண்ணி வைத்தார். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, எதிர்க்கடையில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

தீபாவளி முடிந்து மூன்று வாரத்தில் பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று டிராக்கிங்கில் வந்தது. அமெரிக்காக்காரரின் பதில் அதற்கும் பத்து நாள் கழித்துத்தான் வந்தது. மூன்று வால்வு நன்றாக இருக்கின்றன, நாலாவது லேசாக இரைகிறது, இருந்தாலும் பயன்படும் என்று எழுதியிருந்தார். பொய் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நன்றி என்று ஒரு சொல், கீழே பெயர், அவ்வளவுதான். கஜபதிக்கு அது போதுமாக இருந்ததா என்று தெரியவில்லை. இரைவது எந்த மாதிரி இரைச்சல், சாக்கெட்டைத் துடைத்துப் பார்த்தாரா என்று கேட்டு எழுதச் சொன்னார். எழுதினேன். துடைத்துப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது என்று அவர் ஒரு வரி எழுதினார். அதோடு முடிந்தது.

தை பிறந்ததும் மிச்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தார். சந்திரமோகன் விசாரித்ததில் சென்னையில் பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கும் தணிகாசலம் என்ற வியாபாரி கிடைத்தார். அவர் ஒரு செவ்வாய்க்கிழமை ரயிலில் நேரிலேயே வந்துவிட்டார். அறுபது வயதுக்காரர், கையில் ஒரு பூதக்கண்ணாடி. என் கடை மேஜையில் ஒவ்வொரு டப்பாவாகப் பிரித்து, கண்ணாடிக்குள் பார்த்து, மூடி வைத்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கஜபதி எதிரே உட்கார்ந்திருந்தார். இந்த நம்பர் போகும், இது போகாது, இதில் வெள்ளிப் பூச்சு போய்விட்டது என்று அவர் சொல்லச் சொல்ல, இவர் ஆங், ஆங் என்று கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டாயிரம் என்று படிந்தது. ஏலத்தில் ஒவ்வொன்றாகப் போட்டால் இதைவிட அதிகம் வருமே என்று தணிகாசலமே சொன்னார். கஜபதி வேண்டாம் என்றார்.

பணத்தை எடுத்து மேஜையில் வைத்தபோது தணிகாசலம் இருநூறு ரூபாயை நிறுத்திக்கொண்டார். பெட்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக ஆட்டோவுக்கு என்றார். நான் கஜபதியின் முகத்தைப் பார்த்தேன். நல்ல வேளையாகச் சுஜாதா அங்கே இல்லை, இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

ஆட்டோ வேண்டாம் என்றார் கஜபதி. டி.வி.எஸ்.ஸின் பின்னால் ஒரு பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினார். தணிகாசலம் நடந்து வர, முதலில் ஒன்று, பிறகு திரும்பி வந்து இன்னொன்று என்று இரண்டு நடையில் ஸ்டேஷனுக்கு ஏற்றினார். சென்னை வண்டி வந்ததும் இரண்டையும் அவரே தூக்கி உள்ளே தள்ளினார். வண்டி நகர்ந்தது. நிறுத்திய இருநூறைத் தணிகாசலம் ஜன்னல் வழியாக நீட்டினார். கஜபதி கொஞ்ச தூரம் கூடவே வேகமாக நடந்துபோய் அதை வாங்கிக்கொண்டார்.